உயர்த்தும் தொகுதி இன்றிப் பெரிய டயர் பொருத்துதல்

உயர்த்தும் தொகுதி இன்றிப் பெரிய டயர் பொருத்துதல் என்பது, எஸ்.யூ.வி. வகை வாகனம் ஒன்றின் சஸ்பென்ஷன் உயரத்தை மாற்றாமல், தயாரிப்பாளர் பொருத்திய டயரை விட அதிக விட்டமுடைய டயரை அதில் பொருத்தும் மாற்றம் ஆகும். பாறை, சேறு, மணல் போன்ற கரடுமுரடான வழிகளில் செல்வோர் இம்மாற்றத்தைப் பெரிதும் நாடுகின்றனர். லிஃப்ட் கிட் எனப்படும் உயர்த்தும் தொகுதி நீளமான சுருள்வில், ஷாக் அப்சார்பர் முதலிய உறுப்புகளைக் கொண்டது. அது டயருக்கும் உடற்கூட்டிற்கும் இடையே உள்ள வெளியைக் கூட்டுகிறது. அது இல்லாதபோது, ஏற்கனவே உள்ள வெளிக்குள் எவ்வளவு பெரிய டயர் அடங்கும் என்பதே முதற் கேள்வியாகிறது.

டயர் சக்கரக் குழிக்குள் உரசாமல் சுழல்வது இம்மாற்றத்தின் ஒரு பகுதி மட்டுமே. டயரின் விட்டம் கியர் விகிதம், பிரேக், வேகமானி, வாகனத்தின் நிலைத்தன்மை ஆகிய அனைத்தோடும் தொடர்புடையது. ஆகவே இடம் போதுமானதாக இருந்தாலும் பிற அமைப்புகள் அந்த அளவிற்கு ஏற்றவையா என்பதைத் தனியே ஆராய வேண்டும். இக்கட்டுரையில் 1997 முதல் 2006 வரை தயாரிக்கப்பட்ட ஜீப் ராங்லர் டி.ஜே. என்ற வாகனம் முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

டயர் அளவுக் குறியீடு

டயரின் பக்கச்சுவரில் 225/75 ஆர் 15 என்பது போன்ற குறியீடு காணப்படும். இதில் 225 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 75 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பதைக் குறிக்கிறது. ஆர் என்பது ரேடியல் வகைக் கட்டமைப்பு. 15 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். ஓர் அங்குலம் 25.4 மி.மீ. ஆகும். பக்கச்சுவர் மேலும் கீழும் இருமுறை வருவதால் டயரின் முழு விட்டத்தைப் பின்வருமாறு கணக்கிடலாம்:

விட்டம் = (2 × அகலம் × பக்கச்சுவர் விழுக்காடு ÷ 100) + (ரிம் விட்டம் × 25.4)

31×10.50 ஆர் 15 போன்ற மற்றொரு வகைக் குறியீட்டில் முழு விட்டமும் அகலமும் நேரடியாக அங்குலத்தில் தரப்படுகின்றன. இவ்விரு முறைகளிலும் டி.ஜே. வாகனத்தோடு தொடர்புடைய சில அளவுகளின் விட்டம் வருமாறு:

- 215/75 ஆர் 15: 703.5 மி.மீ.
- 225/75 ஆர் 15: 718.5 மி.மீ.
- 30×9.50 ஆர் 15: 762 மி.மீ.
- 245/75 ஆர் 16: 773.9 மி.மீ.
- 31×10.50 ஆர் 15: 787.4 மி.மீ.

முதல் நான்கு அளவுகளும் வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு வகை டி.ஜே. வாகனங்களில் தயாரிப்பாளராலேயே பொருத்தப்பட்டவை. நான்காவது அளவு 2003 முதல் வெளிவந்த ரூபிகான் வகைக்கு உரியது. ஐந்தாவது அளவு, உயர்த்தும் தொகுதி இல்லாமல் உரிமையாளர்கள் பரவலாகப் பொருத்தும் அளவு ஆகும். இவை கணக்கீட்டு விட்டங்கள். ஒரே குறியீடு கொண்ட டயர்களும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் சில மில்லிமீட்டர் வேறுபடும். வாகனத்தின் எடை அழுத்தும்போது டயரின் அடிப்பகுதி சற்றுத் தட்டையாவதால், அச்சின் உண்மையான உயரம் கணக்கீட்டு ஆரத்தை விடக் குறைவாக இருக்கும்.

தரை இடைவெளியில் கிடைக்கும் பயன்

டயரின் விட்டம் எவ்வளவு கூடினாலும், அச்சின் உயரம் அதில் பாதி அளவே கூடும். 225/75 ஆர் 15 டயருக்குப் பதிலாக 31 அங்குல டயரைப் பொருத்தினால் விட்டம் 68.9 மி.மீ. அதிகமாகிறது. தரை இடைவெளியோ ஏறத்தாழ 34 மி.மீ. மட்டுமே கூடுகிறது.

இருப்பினும் இந்த 34 மி.மீ. உயர்த்தும் தொகுதியால் தர இயலாத ஒன்று. டி.ஜே. போன்ற வாகனங்களில் இரு சக்கரங்களையும் இணைக்கும் திட ஆக்சில் உள்ளது. அதன் நடுவே உள்ள டிஃபரென்ஷியல் உறையே பெரும்பாலும் வாகனத்தின் மிகத் தாழ்ந்த பகுதி. உயர்த்தும் தொகுதி ஆக்சிலுக்கு மேலே உள்ள சட்டகத்தையும் உடற்கூட்டையும் மட்டுமே உயர்த்துகிறது. ஆக்சில் அதே உயரத்தில் நிற்கிறது. பாறையில் டிஃபரென்ஷியல் இடிப்பதைத் தவிர்க்கப் பெரிய டயரே வழி. தனித்தியங்கும் சஸ்பென்ஷன் கொண்ட வாகனங்களில் டிஃபரென்ஷியல் சட்டகத்தோடு பிணைக்கப்பட்டிருப்பதால் இந்த வேறுபாடு அங்குப் பொருந்தாது.

பெரிய விட்டமுள்ள சக்கரம் குழிக்குள் குறைவாக இறங்குகிறது, படி போன்ற தடைகளில் எளிதாக ஏறுகிறது. வாகனம் அணுகும் கோணமும் விலகும் கோணமும் சற்றுக் கூடுகின்றன.

இட வரம்புகள்

சமதளத்தில் நேராக நிற்கும் வாகனத்தில் டயரைச் சுற்றி நிறைய இடம் இருப்பதுபோல் தோன்றும். அந்நிலையில் செய்யப்படும் அளவீடு போதுமானதன்று. முன்சக்கரம் முழுவதும் திரும்பியிருக்கும்போது அதன் முன், பின் ஓரங்கள் வில்போன்ற பாதையில் உள்ளும் வெளியும் நகர்கின்றன. ஒரு சக்கரம் பாறைமேல் ஏறும்போது சஸ்பென்ஷன் அமுங்கி டயர் சக்கரக் குழிக்குள் மேலேறுகிறது. இவ்விரண்டும் ஒருசேர நிகழும் நிலையே மிகக் குறைந்த இடமுள்ள நிலை. டயர் பொதுவாக உரசும் பகுதிகள் வருமாறு:

- மட்கார்டின் உள் விளிம்பும் அதனுள் உள்ள நெகிழி உறையும்
- முன் பம்பரின் ஓரமும் அதன் கீழுள்ள காற்றுத் தடுப்பும்
- திட ஆக்சிலைச் சட்டகத்தோடு இணைக்கும் கீழ்க் கட்டுப்பாட்டுக் கைகள்
- சட்டகம், உடற்கூட்டுத் தாங்கிகள், அடிப்பலகையின் மடித்துப் பற்றவைத்த விளிம்பு
- பிரேக் குழாய், ஏ.பி.எஸ். கம்பி

நெகிழி உறையில் எப்போதாவது உரசுவது ஒலியையும் தேய்மானத்தையும் மட்டுமே தரும். உலோக விளிம்பில் உரசினால் டயரின் பக்கச்சுவர் வெட்டுப்படலாம். பிரேக் குழாயில் உரசினால் பிரேக் திரவம் கசிந்து பிரேக் செயலிழக்கும் அபாயம் உண்டு. ஆதலால் எந்த உறுப்பில் உரசுகிறது என்பதைக் கண்டறியாமல் வாகனத்தைப் பயன்படுத்துவது ஆபத்தானது.

ரிம்மும் ஆஃப்செட்டும்

ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் பொருந்தும் அதன் முகம் எவ்வளவு விலகியுள்ளது என்பதை ஆஃப்செட் என்ற அளவு காட்டுகிறது. இது டயர் உட்புறமாகவோ வெளிப்புறமாகவோ அமையும் தொலைவைத் தீர்மானிக்கிறது.

225 மி.மீ. அகலமுள்ள டயருக்குப் பதிலாக 10.5 அங்குலம், அதாவது 266.7 மி.மீ. அகலமுள்ள டயரை அதே ஆஃப்செட்டில் பொருத்தினால், அது இருபுறமும் ஏறத்தாழ 21 மி.மீ. விரிகிறது. உட்புற விரிவு கட்டுப்பாட்டுக் கையை நெருங்குகிறது. ஆஃப்செட் 25 மி.மீ. குறைவாக உள்ள ரிம்மைப் பயன்படுத்தினால் சக்கரம் வெளியே தள்ளப்பட்டு, உட்புற இடம் பழைய நிலையை விட 4 மி.மீ. கூடுகிறது. ஆனால் வெளிப்புறத்தில் டயர் 46 மி.மீ. நீண்டு, திரும்பும்போது மட்கார்டின் ஓரத்தைத் தொட வாய்ப்பு ஏற்படுகிறது. ஒரு பக்கத்தில் கிடைக்கும் இடம் மறுபக்கத்தில் இழக்கப்படுகிறது. சக்கரம் வெளியே தள்ளப்படும்போது வீல் பேரிங்மீது செயல்படும் திருப்புவிசையும் அதிகரிக்கிறது. ஸ்டீயரிங் கனமாவதோடு சாலையின் மேடுபள்ளங்களுக்கு அதிகமாக உதறக்கூடும்.

ரிம்மின் அகலமும் டயருக்குப் பொருத்தமானதாக இருக்க வேண்டும். 31×10.50 ஆர் 15 டயருக்கு 7 முதல் 9 அங்குலம் வரை அகலமுள்ள ரிம் ஏற்றது. இதைவிடக் குறுகிய ரிம்மில் டயரின் ஓரம் சரியாக அமராது.

இடமேற்படுத்தும் முறைகள்

அகலத்தைக் குறைத்தல்: விட்டம் கூடினாலும் அகலம் அதிகம் கூடாத டயரைத் தெரிவு செய்தல் மிக எளிய முறை. வேறு எந்த உறுப்பையும் மாற்ற வேண்டியதில்லை.

திரும்பும் கோணத்தைக் குறைத்தல்: டி.ஜே. வாகனத்தின் முன் ஆக்சிலில் சக்கரம் திரும்பும் எல்லையை வரையறுக்கும் திருகாணிகள் உள்ளன. இவற்றின் தலைக்கு அடியில் வாஷர் இட்டு நீட்டினால், டயர் கட்டுப்பாட்டுக் கையைத் தொடுவதற்கு முன்பே சக்கரம் நின்றுவிடும். இதற்கு ஈடாக வாகனம் திரும்பத் தேவையான வட்டம் பெரிதாகும்.

பம்ப் ஸ்டாப் நீட்டல்: சஸ்பென்ஷன் அமுங்கும் எல்லையில் உள்ள ரப்பர் தடையை நீட்டினால் டயர் சக்கரக் குழிக்குள் ஏறும் உயரம் குறையும். அதே அளவு சஸ்பென்ஷனின் இயக்கமும் குறையும்.

வெட்டுதலும் மடித்தலும்: நெகிழி உறை, காற்றுத் தடுப்பு ஆகியவற்றை வெட்டலாம். உலோக விளிம்பைச் சுத்தியலால் தட்டி மடிக்கும் வழக்கமும் உண்டு. வெட்டிய அல்லது மடித்த உலோகத்தில் வண்ணம் பூசாவிடில் துரு பிடிக்கும்.

அலைன்மெண்ட் மாற்றம்: தனித்தியங்கும் முன் சஸ்பென்ஷன் உள்ள சில வாகனங்களில் காஸ்டர் கோணத்தைக் கூட்டிச் சக்கரத்தைச் சில மில்லிமீட்டர் முன்னே நகர்த்தலாம். 2010 முதல் 2024 வரையிலான ஐந்தாம் தலைமுறை டொயோட்டா 4 ரன்னர் இதற்கு எடுத்துக்காட்டு. இதன் 265/70 ஆர் 17 டயரின் விட்டம் 802.8 மி.மீ. 285/70 ஆர் 17 டயரின் விட்டம் 830.8 மி.மீ. வேறுபாடு 28 மி.மீ. மட்டுமே எனினும், திரும்பும்போது டயர் பின்னால் உள்ள உடற்கூட்டுத் தாங்கியை நெருங்குகிறது.

இயக்கத்தில் ஏற்படும் விளைவுகள்

வேகமானி

வேகமானி சக்கரத்தின் அல்லது அதனோடு இணைந்த தண்டின் சுழற்சியை எண்ணி வேகத்தைக் கணக்கிடுகிறது. டயர் பெரிதானால் ஒவ்வொரு சுழற்சியிலும் வாகனம் அதிகத் தொலைவு செல்லும், வேகமானியோ பழைய கணக்கையே காட்டும். 718.5 மி.மீ. டயரிலிருந்து 787.4 மி.மீ. டயருக்கு மாறினால் வேறுபாடு 9.6 விழுக்காடு. வேகமானி மணிக்கு 100 கி.மீ. எனக் காட்டும்போது உண்மையான வேகம் ஏறத்தாழ 109.6 கி.மீ. ஆகும். ஐக்கிய நாடுகள் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 39 ஆம் ஒழுங்குவிதி, வேகமானி உண்மையான வேகத்தை விடக் குறைவாகக் காட்டவே கூடாது என்கிறது.

ஓடுதூரமானியும் அதே அளவு குறைவாக எண்ணும். 60 லிட்டர் எரிபொருளில் 500 கி.மீ. சென்றதாக அது காட்டினால், லிட்டருக்கு 8.3 கி.மீ. என்று தோன்றும். உண்மையில் வாகனம் 548 கி.மீ. சென்றிருக்கும், அதாவது லிட்டருக்கு 9.1 கி.மீ. பெரிய டயரால் எரிபொருள் செலவு எவ்வளவு கூடியது என்பதை இத்திருத்தம் செய்த பின்னரே மதிப்பிட வேண்டும்.

டி.ஜே. வாகனத்தில் டிரான்ஸ்ஃபர் கேஸில் உள்ள சிறிய நெகிழிப் பற்சக்கரத்தை வேறு பல் எண்ணிக்கை கொண்டதாக மாற்றி வேகமானியைத் திருத்தலாம். பிற்கால வாகனங்களில் கணினியில் டயரின் அளவை மாற்றிப் பதிய வேண்டும்.

இழுவிசை

எஞ்சினின் முறுக்குவிசை மாறாதபோது, டயர் தரையில் செலுத்தும் விசை ஆரத்திற்கு எதிர்விகிதத்தில் அமையும். ஆரம் 9.6 விழுக்காடு கூடினால் இழுவிசை 8.8 விழுக்காடு குறையும். இது ஆக்சிலின் கியர் விகிதத்தையே மாற்றியதற்கு ஒப்பாகும். 3.73 விகிதம் 3.40 போலவும், 3.07 விகிதம் 2.80 போலவும் செயல்படும். பின்னதில் மேடு ஏறுவதும் உயர் கியரில் செல்வதும் கடினமாகின்றன. பழைய நிலையை மீட்க 3.73 ஐ 1.096 ஆல் பெருக்கினால் 4.09 கிடைக்கிறது. பெரிய டயருடன் வெளிவந்த ரூபிகான் வகையில் தயாரிப்பாளர் 4.10 விகிதத்தை அமைத்தமை இங்கு ஒப்பிடத்தக்கது.

பிரேக்

பிரேக் தரும் முறுக்குவிசையும் அதே ஆரத்தின் வழியாகவே தரையை அடைகிறது. பிரேக் மிதியை முன்போலவே அழுத்தினால் நிறுத்தும் விசை 8.8 விழுக்காடு குறையும். பெரிய டயர் எடையும் மிக்கது. நிலைமத் திருப்புத்திறன் நிறைக்கும் ஆரத்தின் வர்க்கத்திற்கும் நேர்விகிதத்தில் உள்ளது. 13 கிலோ டயருக்குப் பதிலாக 20 கிலோ டயர் பொருத்தப்படுவதாகவும், நிறை ஒரே வகையில் பரவியுள்ளதாகவும் கொண்டால், சுழற்சிக்கான நிலைமம் ஏறத்தாழ 85 விழுக்காடு கூடும். சக்கரத்தைச் சுழலச் செய்யவும் நிறுத்தவும் அதிக ஆற்றல் வேண்டும். நீண்ட மலை இறக்கங்களில் பிரேக் விரைவில் சூடேறும்.

நிலைத்தன்மை

அமெரிக்கத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிருவாகம் 2001 முதல், வாகனங்கள் கவிழும் வாய்ப்பை நிலையான நிலைத்தன்மைக் காரணி என்ற அளவைக் கொண்டு வெளியிட்டு வருகிறது. 2004 முதல் ஓட்டச் சோதனையும் இதனுடன் சேர்க்கப்பட்டது. இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான தொலைவை ஈர்ப்பு மையத்தின் உயரத்தைப் போல் இருமடங்கால் வகுத்தால் இக்காரணி கிடைக்கும்.

சக்கர இடைத்தொலைவு 1500 மி.மீ., ஈர்ப்பு மைய உயரம் 680 மி.மீ. எனில் காரணி 1.10 ஆகும். ஈர்ப்பு மையம் 34 மி.மீ. உயர்ந்தால் அது 1.05 ஆகக் குறையும். காரணி குறையக் குறைய வளைவுகளில் வாகனம் கவிழும் வாய்ப்பு கூடும். உயர்த்தும் தொகுதியும் சேர்ந்தால் இந்த இழப்பு மேலும் பெருகும். தொகுதி இன்றி டயரை மட்டும் மாற்றுவோர் கூறும் காரணங்களுள் இதுவும் ஒன்று.

சுமையும் காற்றழுத்தமும்

டயரின் சுமை எண் அது தாங்கக்கூடிய பெரும எடையைக் குறிக்கிறது. எடுத்துக்காட்டாக 109 என்ற எண் 1030 கிலோவைக் குறிக்கும். இந்தத் திறன் டயரில் குறிக்கப்பட்ட காற்றழுத்தத்தில் மட்டுமே கிடைக்கும். ஆகவே கதவோரப் பட்டியில் உள்ள அழுத்தம் புதிய டயருக்கும் பொருந்தும் எனக் கொள்ளலாகாது. டயர் தயாரிப்பாளரின் சுமை அட்டவணையைக் கொண்டு, பழைய டயர் தாங்கிய எடையைப் புதிய டயரும் தாங்கும் அழுத்தத்தைக் கண்டறிய வேண்டும்.

2007 செப்டம்பர் முதல் அமெரிக்காவிற்காகத் தயாரிக்கப்படும் இலகுரக வாகனங்களில் காற்றழுத்தக் கண்காணிப்பு அமைப்பு கட்டாயம். பரிந்துரைக்கப்பட்ட அழுத்தத்தில் 25 விழுக்காடு குறைந்தால் அது எச்சரிக்க வேண்டும். புதிய டயருக்கு வேறு அழுத்தம் தேவைப்பட்டால் அந்த எச்சரிக்கை எல்லை பொருந்தாமற் போகலாம்.

ஸ்டெப்னி

ஸ்டெப்னி எனப்படும் மாற்றுச் சக்கரமும் அதே அளவில் இருக்க வேண்டும். நான்கு சக்கர இயக்கத்தில் ஒரு டயர் மட்டும் சிறியதாக இருந்தால் முன், பின் தண்டுகள் வெவ்வேறு வேகத்தில் சுழன்று கியர்களில் இறுக்கம் உண்டாகும். பின்கதவில் ஸ்டெப்னி தொங்கும் வாகனங்களில் அதன் கூடுதல் எடையைக் கீல்கள் தாங்க வேண்டும்.

பொருத்திய பின் சோதனை

1. வாகனம் நிற்கும் நிலையில் ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுவதும் திருப்பி, ஒவ்வொரு உறுப்பிற்கும் டயருக்கும் இடையிலான தொலைவை அளத்தல்.
2. ஒரு முன்சக்கரத்தைச் சரிவுப் பலகையில் ஏற்றிச் சஸ்பென்ஷன் அமுங்கிய நிலையில் மீண்டும் அளத்தல். எதிர்ப்புறமும் இவ்வாறே செய்தல்.
3. மெதுவாக முன்னும் பின்னும் செலுத்துதல். பின்னோக்கிச் செல்லும்போது மட்டும் உரசும் இடங்களும் உண்டு.
4. பிரேக் குழாய்களிலும் டயரின் உட்புறத்திலும் தேய்ந்த தடம் உள்ளதா எனப் பார்த்தல்.
5. சக்கர நட்டுகளைக் குறிப்பிட்ட முறுக்குவிசையில் இறுக்கி, சிறிது தொலைவு சென்ற பின் மீண்டும் சரிபார்த்தல்.
6. அலைன்மெண்ட்டைச் சரிசெய்து, செயற்கைக்கோள் வழிகாட்டியின் வேகத்தோடு வேகமானியை ஒப்பிடுதல்.

தயாரிப்பாளர்களின் அணுகுமுறை

2018 இல் வெளிவந்த ஜீப் ராங்லர் ஜே.எல். ரூபிகான் வகை 830.8 மி.மீ. விட்டமுள்ள 285/70 ஆர் 17 டயருடன் விற்பனைக்கு வந்தது. 2021 இல் அதே நிறுவனம் 872.8 மி.மீ. விட்டமுள்ள 315/70 ஆர் 17 டயரைத் தெரிவாக வழங்கியபோது டயரை மட்டும் மாற்றவில்லை. சஸ்பென்ஷன் 1.5 அங்குலம் உயர்த்தப்பட்டு, ஆக்சில் விகிதம் 4.56 ஆக்கப்பட்டது. 42 மி.மீ. விட்ட வேறுபாட்டிற்கே இம்மாற்றங்கள் தேவைப்பட்டன.

அதே 2021 இல் ஃபோர்டு பிராங்கோ வாகனத்தின் சாஸ்குவாட்ச் தொகுப்பிலும் இதே அளவு டயர் தரப்பட்டது. தொடக்க வடிவமைப்பிலேயே பெரிய சக்கரக் குழிகள் அமைக்கப்பட்டதால் அவ்வாகனத்தில் அந்த டயர் அடங்குகிறது. இவ்வாறு, உயர்த்தும் தொகுதி இன்றிப் பொருத்தக்கூடிய பெரும அளவு எல்லா வாகனங்களுக்கும் பொதுவானதன்று. அது வாகனத்தின் வடிவமைப்பைப் பொறுத்தது.

சட்ட நிலை

டயர் மாற்றம் குறித்த சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன.

ஆஸ்திரேலியா: வி.எஸ்.பி. 14 என்னும் இலகுரக வாகன மாற்ற விதித்தொகுப்பு, கரடுமுரடான வழிகளுக்கான வாகனங்களில், தயாரிப்பாளர் குறிப்பிட்ட மிகப் பெரிய டயரை விட 50 மி.மீ. வரை விட்டம் கூடுவதை அனுமதிக்கிறது.

ஜெர்மனி: சாலைப் போக்குவரத்து அனுமதி விதிகளின் 19 ஆம் பிரிவின்படி, பிறருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய மாற்றம் செய்யப்பட்ட வாகனம் தன் இயக்க அனுமதியை இழக்கக்கூடும். அங்கீகாரமற்ற டயர் அளவுகளுக்கு வல்லுநர் ஆய்வு தேவை.

அமெரிக்கா: வாகன உயரம், பம்பர் உயரம் குறித்த வரம்புகள் மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடுகின்றன.

இந்தியா: 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்பிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இத்தடையை உறுதி செய்தது.

மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்திற்கு அறிவிக்காத நிலையில் விபத்து நேர்ந்தால் இழப்பீடு மறுக்கப்படவும் இடமுண்டு. ஆகையால் டயர் வாங்குவதற்கு முன்பே, அதே வாகனத்தின் உயர் வகையில் தயாரிப்பாளர் பொருத்திய மிகப் பெரிய அளவு எது என்பதை அறிந்துகொள்வது பயனுடையது. அந்த அளவிற்கு உட்பட்ட மாற்றத்தில் இடம், கியர், பிரேக் ஆகியவற்றைத் தயாரிப்பாளரே ஆராய்ந்திருப்பார். ஆனால் உயர் வகையின் கியர் விகிதமும் பிரேக்கும் சஸ்பென்ஷனும் தம் வாகனத்திலும் உள்ளனவா என்பதை உரிமையாளர் சரிபார்க்க வேண்டும்.